துப்பாக்கியின் எஃகுப் பாகங்களில் செராகோட் (பீங்கான் கலந்த பாதுகாப்புப் பூச்சு) பூசும் முன், அவற்றைக் கண்ணாடி மணியால் பிளாஸ்ட் செய்தால் (காற்றழுத்தத்தில் துகளைப் பீய்ச்சினால்) போதாதா?

போதாது. உருண்டையான கண்ணாடி மணி உலோகத்தைத் தட்டி மழுமழுப்பாக்கிவிடும். பூச்சு பற்றிக்கொள்ளக் கூரான மேடுபள்ளம் வேண்டும். அதற்குத்தான் அமெரிக்கத் துப்பாக்கிப் பட்டறைகளில் 100 கிரிட் (துகளின் அளவு) அலுமினியம் ஆக்சைடு அல்லது கார்னெட் என்ற கடினக் கனிமத் துகளைப் போடுகிறார்கள்.

ஆனால் முதல் வேலை எண்ணெய் எடுப்பது. பாகங்களைப் பிரித்து அசிட்டோனில் ஊறவையுங்கள். பிசுக்கோடு பிளாஸ்ட் செய்தால் அது துகளில் கலந்து அடுத்த பாகத்துக்கும் ஒட்டும்; அப்புறம் துகளையே மாற்ற வேண்டியதுதான்.

குழலின் உட்புறம், தோட்டா உட்காரும் சேம்பர், மரைகள் எல்லாவற்றையும் இறுக்கி அடையுங்கள். அங்கே துகள் பட்டால் சேதத்தைச் சரிசெய்வது கடினம்.

பிளாஸ்ட் ஆன எஃகை வெறுங்கையால் தொடாதீர்கள், வியர்வையிலேயே துரு பிடிக்கும். அன்றைக்கே பூசிவிடுங்கள்.

சாதாரண மணல் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் சிலிக்கா தூசு தரும் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் குணமாகாது. பிரிட்டன் 1950-லேயே பிளாஸ்டிங்குக்கு அதைத் தடைசெய்தது.