சதுப்புக் காட்டு மண்பாதைக்கு மட் டயர் போதுமா?

மலைப் பக்கம் ஃபோர்வீல் ஓட்டிப் பழகியவர், சேற்றைப் பிடிக்கும் பெரிய பற்கள் கொண்ட மட் டயரும் வைத்திருக்கிறீர்கள். மலேசியாவின் வட சிலாங்கூர் சதுப்புக் காட்டுப் பாதைக்கு அது போதுமா என்பது உங்கள் கேள்வி. போதாது. அங்கே அந்த டயரே காலை வாரிவிடும்.

மலைச் செம்மண்ணில் சேற்றுக்கு அடியில் கெட்டித் தரை இருக்கும். சக்கரம் சுழன்று தோண்டி அதைப் பிடித்துக்கொள்ளும். வட சிலாங்கூரின் ராஜா மூசா, சுங்கை காராங் காடுகளில் இருப்பது கம்புட் (பீட்) மண். மரமும் இலையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீரில் முழுதாக மக்காமல் கிடந்து சேர்ந்தது. எடையில் பெரும்பங்கு தண்ணீர்தான். பல இடங்களில் மீட்டர் கணக்கில் ஆழம். எவ்வளவு தோண்டினாலும் பிடிக்கத் தரை வராது, வண்டியின் வயிறுதான் வந்து உட்காரும். அந்தக் காலத்தில் மரம் வெட்டியவர்களே இதற்குள் லோரியை நம்பவில்லை. சிறு தண்டவாளம் போட்டார்கள், கால்வாய் வெட்டி மரத்தை மிதக்கவிட்டார்கள்.

ஆகவே தோண்டக் கூடாது, மேலாக நழுவிப் போக வேண்டும். டயர் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, லோ ரேஞ்ச் கியரில் மெதுவாக, ஆக்ஸிலேட்டரை ஒரே சீராகப் பிடியுங்கள். சக்கரம் வெறுமனே சுழல ஆரம்பித்தால் உடனே காலை எடுங்கள். முன்னால் போன வண்டியின் தடத்திலேயே போகாதீர்கள். மேலே பின்னிக்கிடக்கும் வேர்தான் உங்களைத் தாங்குகிறது. முதல் வண்டி அதைக் கிழித்திருந்தால் அடுத்தது இறங்கிவிடும். கனமான வண்டி கடைசியில் வரட்டும்.

சிக்கினால் கம்பி வடத்தை மரத்தில் கட்டி வண்டியை இழுக்க வின்ச் இருக்கிறதே என்பீர்கள். இங்கே மரங்களின் வேர் ஆழம் போகாது, இழுத்தால் மரமே சாய்ந்து வரும். இரண்டு மூன்று மரத்தைச் சேர்த்துக் கட்டுங்கள். கெட்டியான வரப்பில் இன்னொரு வண்டி நின்றால் இன்னும் நல்லது.

உண்மையில் எனக்குப் பயம் காட்டுக்குள் இல்லை, கால்வாய் ஓர வரப்புப் பாதையில்தான். மழை பெய்தால் மேலே கொட்டிய களிமண் வழுக்கும், பின்பக்கம் தானாகவே கால்வாய்ப் பக்கம் நகரும். தண்ணீர் கறுப்பு, ஆழம் தெரியாது. தேங்கிய இடத்தில் இறங்கிக் கழியால் குத்திப் பார்க்காமல் வண்டியை விடாதீர்கள்.

வெயில் காலம் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். அந்தப் பழைய கால்வாய்கள் காட்டின் நீரை வடித்துவிட்டதால் மண்ணே தீப்பிடிக்கும், அதுவும் அடியில். புகை தெரிந்தால் திரும்பிவிடுங்கள்.

அப்புறம், இவை காப்புக் காடுகள். வன இலாகா பெர்மிட் இல்லாமல் உள்ளே போக முடியாது. வீடு வந்ததும் அடிப்பாகத்தை நன்றாகக் கழுவுங்கள், அந்தத் தண்ணீரில் அமிலம் அதிகம்.