வாட்ஸ்அப்பில் போட்டாச்சு, ஆனால் யாருக்கும் தெரியவில்லை

கேள்வி: திருப்பூரில் 140 பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனியில் நிர்வாகம் பார்க்கிறேன். பாதிப் பேர் உள்ளூர், மீதி ஒடிசா, பீகார். அறிவிப்பெல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான். போன மாதம் வேலை தொடங்கும் நேரத்தை 8.30-லிருந்து 8 மணிக்கு மாற்றினோம். நாற்பது பேர் 8.30-க்கே வந்து நின்றார்கள். கேட்டால், "எங்களுக்கு யாரும் சொல்லவில்லை." ஊருக்குப் போகிறவர்களும் சொல்லாமலே நின்றுவிடுகிறார்கள். இதற்கென ஒரு செயலி வாங்கலாமா?

பதில்: செயலியை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள், வேலை நேரத்தில் செல்போன் எங்கே இருக்கிறது? பல கம்பெனிகளில் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறார்கள். காலை பத்து மணிக்கு நீங்கள் போடும் செய்தி, ஒன்றரை ஷிப்ட் முடித்துப் போகிறவர் கையில் இரவு ஒன்பதுக்குக் கிடைக்கும். அதற்குள் மேலே நாற்பது 'குட் மார்னிங்' ஏறியிருக்கும். அப்புறம், குழுவில் உள்ள எண்களை ஒருமுறை சரிபாருங்கள். தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங் பெண்கள் பலர் சேரும்போது கொடுத்தது கணவர் எண்ணாகவோ மகன் எண்ணாகவோ இருக்கும். செய்திக்குக் கட்டைவிரல் குறி (👍) போட்டது யார் என்று உங்களுக்கே தெரியாது.

லைனில் இருப்பவர்களுக்குச் செய்தி என்றால் சூப்பர்வைசர் வாயால் வருவதுதான். அவருக்கே மற்றவர்களோடு சேர்த்துத்தான் தெரியும் என்றால், "எனக்கென்ன தெரியும், ஆபீஸில் கேள்" என்று கைகழுவிவிடுவார். அவருக்கு ஒரு நாள் முன்னதாகச் சொல்லி, ஏன் மாற்றுகிறோம் என்பதையும் விளக்குங்கள். மெஷின் ஓடுவதற்கு முன் ஐந்து நிமிடம் அவர் லைனில் பேசட்டும். ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பீஸ் ரேட்காரர்களுக்கு அந்த ஐந்து நிமிடமும் காசு. அதைக் கம்பெனி கணக்கில் எழுதாவிட்டால் யாரும் காதுகொடுக்க மாட்டார்கள். ஒடியா, இந்தி பேசுகிறவர்களுக்கு அவர்களில் ஒருவரையே பேசவைத்து அரை நிமிடக் குரல் பதிவாக அனுப்புங்கள். எழுத்தைவிட அது போய்ச் சேரும்.

இதையெல்லாம்விட முக்கியம் சனிக்கிழமைச் சம்பளம். ஒரு கம்பெனியில் சம்பள வரிசையில் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒரு அம்மா பிஸ்கட் அட்டையைக் கிழித்து, தினம் எத்தனை பீஸ் என்று பேனாவால் குறித்து வைத்திருந்தார். கவரில் வந்தது 210 ரூபாய் குறைவு. ரிஜெக்ட் ஆன பீஸைக் கழித்திருந்தார்கள், ஆனால் சீட்டில் மொத்தத் தொகை மட்டும்தான். கேட்டதற்கு, "திங்கள்கிழமை பார்க்கலாம்." அந்தத் திங்கள்கிழமை வரவே இல்லை. அதற்குப் பிறகு நிர்வாகம் எதைச் சொன்னாலும் அந்த அம்மா ஏன் நம்ப வேண்டும்? பீஸ் எண்ணிக்கை, ரேட், ஓவர்டைம், பிடித்தம், பிடித்த காரணம் எல்லாம் அவரவர் மொழியில் சீட்டில் இருக்கட்டும். வெள்ளிக்கிழமையே கணக்கைக் காட்டிவிட்டால் சனிக்கிழமை சண்டை பாதி குறையும்.

சட்டமும் இருக்கிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுச் சட்டத்தொகுப்பின்படி, 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், தொழிலாளர் புகார்களைக் கேட்கும் குறைதீர் குழு வேண்டும். நிர்வாகமும் தொழிலாளரும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும், மனுவை 30 நாளில் முடிக்க வேண்டும். பெயருக்கு வைக்காமல், தொழிலாளர் பக்கத்தில் ஒரு ஒடியாக்காரரும் செக்கிங்கிலிருந்து ஒரு பெண்ணும் இருக்கும்படி பாருங்கள். வேலை நேரத்தை மாற்றவும் 21 நாள் முன்னறிவிப்பு என்ற விதி உண்டு. போன மாதம் செய்ததை உங்கள் தொழிலாளர் சட்ட ஆலோசகரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

சொல்லாமல் ஊருக்குப் போவது திமிர் இல்லை. சொன்னால் பாக்கிச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம். கிளம்பும் அன்றே கணக்கு முடித்துக் கையில் கொடுப்போம் என்று அறிவித்து, இரண்டு பேருக்காவது அப்படிக் கொடுத்துக் காட்டுங்கள். மூன்றாவது ஆள் ரயில் டிக்கெட்டோடு தானே வந்து தேதி சொல்வார்.