நாடகத்துக்கு 'மூளை' எது?

கேள்வி: நாடகத்துக்கு 'முதன்மை மூளை' வேண்டும் என்று சீன நாடகாசிரியர் லி யூ சொல்வதை, அரிஸ்டாட்டிலின் செயல் ஒருமை (நாடகம் ஒரே முழுமையான செயலைச் சொல்லவேண்டும் என்ற கருத்து) என்றே ஆய்வேட்டில் எழுதலாமா?
– முதுகலை மாணவி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: வேண்டாம். மேலுக்குத்தான் ஒன்றுபோல் இருக்கும். 1671இல் வந்த 'சியான்சிங் ஓஜி' என்ற கட்டுரை நூலில் லி யூ (1611–1680) அந்தச் சொல்லுக்குத் தாமே பொருள் தருகிறார்: ஆசிரியர் எதைச் சொல்ல வந்தாரோ அந்த எண்ணம். பலர் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்து, அவர் காட்டும் உதாரணத்தைப் பாருங்கள். 'பீபா ஜி' என்ற பழைய நாடகம் முழுவதும் அதன் நாயகன் சாய் போஜியே ஒருவனுக்காக. அவன் கதையும் நியு வீட்டில் செய்துகொண்ட இரண்டாம் கல்யாணம் ஒன்றுக்காக. மற்ற துன்பமெல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. நாயகன் செய்ததையெல்லாம் வரிசையாக அடுக்கினால் தனிக்காட்சியாக ஆடலாம், முழு நாடகமாகப் பார்த்தால் நூலறுந்த மணி, உத்தரமில்லாத வீடு என்கிறார். பல பத்துக் காட்சிகள் நீளும் தென்சீன 'சுவான்சி' நாடகத்தை மனத்தில் வைத்துச் சொன்ன பேச்சு இது.

யாரை மறுத்துப் பேசுகிறார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். அவருக்கு முன்னால் இலக்கணக்காரர்களுக்கு இசையமைதிதான் முதல். ஷென் ஜிங் (1553–1610) அந்தக் கட்சி. லி யூ கட்டமைப்பை முதலிலும் சொல்லழகை இரண்டாவதாகவும் வைத்து, இசையை மூன்றாமிடத்துக்குத் தள்ளினார். இசையை இளப்பமாக நினைத்தல்ல. அதற்குப் பார்த்து எழுத நூல்கள் இருந்தன, கட்டமைப்புக்கு இல்லை.

அரங்கையும் மறக்கவேண்டாம். லி யூ சொந்தமாக நாடகக் குழு வைத்திருந்தவர். கோமாளித்தனத்தைப் பார்வையாளருக்கான ஜின்செங் கஷாயம் என்கிறார். நல்ல கட்டம் வரும்போது ஜனம் தூங்கிவிடக் கூடாதே! கடலூர்ப் பக்கம் விடிய விடியத் தெருக்கூத்து பார்த்தவர்களுக்குக் கட்டியங்காரன் நினைவுக்கு வருவான். ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் அரிஸ்டாட்டிலை விட அவன் பொருத்தம்.

கேள்வி: லி யூவுக்கு முந்திய, மங்கோலியர் ஆண்ட யுவான் காலத்து நாடகங்களுக்கும் லி யூவின் விதிகளைப் பொருத்தலாமா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: அப்படியே பொருத்த முடியாது. அந்தக் காலத்து வடக்கத்திய நாடக வகையான 'சாஜு' பெரும்பாலும் நான்கே பகுதி, தேவைப்பட்டால் நடுவில் ஒரு சிறு செருகல். பாடுவதும் வழக்கமாக முதன்மை வேடக்காரர் ஒருவரே. கிளைக்கதை பெருகுவது அங்கே பெரிய தொல்லையே இல்லை.