அறுபது சதவீதத் தள்ளுபடியில் படப் புத்தகங்கள்: வாங்கலாமா?

கேள்வி: கோத்தகிரி அருகே தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். நூறு படப் புத்தகங்களை 60 சதவீதத் தள்ளுபடியில் தருவதாகச் சொல்லி, ஒரு முகவர் மாதிரிக் கட்டு ஒன்றைக் கொடுத்துச் சென்றிருக்கிறார். எல்லாவற்றிலும் ஐ.எஸ்.பி.என். இருப்பதால் தரமானவை என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். ஐ.எஸ்.பி.என். என்பது ஒரு நூலை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய உதவும் 13 இலக்க எண் மட்டுமே. இந்தியாவில் பதிப்பாளர்களுக்கு அது கட்டணமின்றி வழங்கப்படுகிறது. உள்ளே இருக்கும் கதையையும் படத்தையும் படித்துப் பார்த்து யாரும் அதை வழங்குவதில்லை. தள்ளுபடியும் அப்படித்தான். 60 ரூபாய்க்கு விற்க நினைத்த புத்தகத்தின் அட்டையில் 150 ரூபாய் என்று அச்சிட்டுவிட்டால், 60 சதவீதத் தள்ளுபடி தானாகவே வந்துவிடும். கட்டாக எடுத்தால்தான் தருவேன் என்பவர், தனியாக விலைபோகாதவற்றையும் சேர்த்தே கட்டியிருப்பார்.

முதலில் ஓவியரின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கிங்கிருந்து படங்களை எடுத்து ஒட்டிய நூல்களில் பெரும்பாலும் அது இருக்காது. பிறகு எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு பக்கங்களைப் புரட்டுங்கள். வரியில் இல்லாத ஏதோ ஒன்றைப் படம் சொல்ல வேண்டும். முதுமலை யானை என்று எழுதிவிட்டுத் தோளை மூடும் காதுகளோடு ஆப்பிரிக்க யானையை வரைந்திருந்தால், யானையை நேரில் கண்ட உங்கள் பிள்ளைகளே சிரிப்பார்கள். பழங்குடியினரை இலையாடையும் இறகுமாகக் காட்டும் நூலை, கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும், ஒதுக்கிவிடுங்கள்.

பசையால் மட்டும் ஒட்டியதைவிட நடுவில் தைத்தது மேல். ஐப்பசி மழையில் நனைந்தால் பளபளப்பான தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

சொற்களே இல்லாத படப் புத்தகத்தை மட்டும் இந்தச் சோதனைகளைக் கொண்டு தள்ளிவிடாதீர்கள். எழுத்தே இல்லாததற்கு ஏன் பணம் என்று கொள்முதல் குழுவில் கேட்பார்கள். பக்கத்தையும் விலையையும் தவிர வேறெதையும் கணக்கிடத் தெரியாத இந்த முறையில் நல்ல நூல்கள் பல இப்படித்தான் விடுபட்டுப் போகின்றன. வீட்டில் படுக மொழியோ குறும்பர் மொழியோ பேசிவிட்டு வகுப்பில் தமிழைத் தேடும் ஆறு வயதுக் குழந்தை, தன் மொழியிலேயே கதை சொல்லத் தொடங்குவதற்கு அதைவிட நல்ல புத்தகம் கிடையாது. அதிலும், முந்தைய பக்கத்தில் நடந்ததற்கும் அடுத்த பக்கத்தில் நடப்பதற்கும் தொடர்பு புரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

முகவருக்குப் பதில் சொல்லும் முன், கட்டிலிருந்து ஐந்து நூல்களை ஒரு வாரம் வகுப்பில் வாசித்துக் காட்டுங்கள். பிள்ளைகள் மறுபடி கேட்பவற்றை மட்டும் தனித்தனியாக வாங்குங்கள். கிழிந்தால் இருப்புப் பதிவேட்டில் கணக்கு கேட்பார்களே என்று பயந்து அவற்றைப் பீரோவில் பூட்டி வைக்காதீர்கள்.