பணம் வெறும் திரை என்றால் ரிகார்டோ ஏன் கொதித்தார்?

கேள்வி: முதுகலைப் பொருளியல் தேர்வுக்குப் படிக்கிறேன். 18, 19-ஆம் நூற்றாண்டுத் தொன்மைப் பொருளியலாளர்களுக்குப் பணம் வெறும் திரைதான், அதற்குப் பின்னால் நடக்கும் உற்பத்தியை அது மாற்றாது என்கிறது பாடநூல். அப்புறம், நோட்டு பெருகியதை அவர்களில் ஒருவரான ரிகார்டோ கண்டித்தார் என்றும் வருகிறது. திரையைப் பற்றி எதற்கு இத்தனை கவலை? தேர்வில் எதை எழுதுவது?

பதில்: இரண்டையும் எழுதுங்கள். ‘நீண்ட காலத்தில்’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடாதீர்கள். பலரும் சறுக்குவது அங்கேதான்.

1752-லேயே ஸ்காட்லாந்துத் தத்துவஞானி டேவிட் ஹியூம் இதைப் பிரித்துச் சொல்லிவிட்டார். பணம் பெருகினால் கடைசியில் விலைதான் ஏறும், நாடு செழித்துவிடாது. ஆனால் பணம் கைக்கு வருவதற்கும் விலை முழுதாக ஏறுவதற்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் தொழில் சூடுபிடிக்கும்.

சரி, ரிகார்டோ. பிரான்சோடு போர், படையெடுப்பு பயம். 1797 பிப்ரவரியில் பாங்க் ஆஃப் இங்கிலாந்து நோட்டுக்குத் தங்கம் தருவதை நிறுத்தியது. அவுன்ஸ் தங்கத்துக்கு நாணயச்சாலை விலை, அதாவது அரசு நிர்ணயித்த விலை, 3 பவுண்டு 17 ஷில்லிங் 10½ பென்னி. 1809-ல் சந்தையில் சுமார் 4 பவுண்டு 10 ஷில்லிங். தங்கம் ஏறவில்லை, நோட்டுதான் இறங்கிவிட்டது என்றார் ரிகார்டோ. விலை, கூலி, பழைய கடன் எல்லாம் ஒரே ராத்திரியில் ஒரே அளவில் மாறினால் யாருக்கும் நஷ்டமில்லை. கடன் பத்திரத்தில் இருப்பதோ பழைய பவுண்டுக் கணக்கு. கடன் கொடுத்தவர் மதிப்பிழந்த நோட்டை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். ரிகார்டோ கொதித்தது இதற்காக.

வங்கி இயக்குநர்களின் சமாதானமும் சுவையானது. நல்ல வணிக மாற்றுச்சீட்டுகளுக்கு (சரக்கு வாங்கியவர் பின்னால் பணம் தருவதாக ஒப்புக்கொண்ட சீட்டு) மட்டுமே நோட்டு தருகிறோம், அது எப்படி அளவு மீறும் என்றார்கள். வங்கியாளர் ஹென்றி தார்ன்டன் 1802-லேயே ஓட்டையைக் காட்டியிருந்தார்: சட்டப்படி வட்டி 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, தொழிலில் லாபம் அதைவிட அதிகமென்றால் கடன் கேட்டு வருபவர்களுக்கு முடிவே இருக்காது. என் கணக்கில் இந்த விவாதத்தின் கூர்மையான வாதம் இதுதான். பாடநூல்கள் ஏனோ இவரை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன.

1848-ல் பொருளியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் சொன்னதை விடையின் தொடக்கத்தில் வையுங்கள்: பணம் ஓர் இயந்திரம், பழுதானால்தான் அதற்கென்று தனி விளைவு தெரியும். பிறகு 1797-க்குப் போங்கள். ‘திரை’ என்ற சொல்லை ரிகார்டோவின் வாயில் போடாதீர்கள்; அது பரவலானது 20-ஆம் நூற்றாண்டில்.