தகுதியை மாற்றுகிறார்களாம், என் பதவி உயர்வு போய்விடுமா?

கேள்வி: நகராட்சிப் பொறியியல் பிரிவில் 17 வருடமாக வேலை பார்க்கிறேன். படிப்பு சிவில் டிப்ளமோ. பிரிவின் தலைமைப் பதவிக்கு இனி பி.இ. கட்டாயம் என்று விதியைத் திருத்தப் போகிறார்களாம். காலியிடம் போன வருடமே வந்துவிட்டதால் பழைய விதிதான் செல்லும் என்கிறார் சங்கத்து நண்பர். பழைய தகுதியே தொடர வேண்டும் என்று நகர்மன்றமும் தீர்மானம் போட்டிருக்கிறது. இன்னொருவர் ஒன்றரை வருடத்தில் தபால் வழியில் பி.இ. வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள் என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: முன்பணம் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

என்னோடு வேலை பார்த்த ஒருவர் இப்படித்தான் வெளிமாநில நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றின் பட்டத்தை வாங்கி வந்தார். மனைவியின் நகையை அடகு வைத்துக் கட்டிய பணம். பணிப்பதிவேட்டில் ஏற்ற மாட்டோம் என்று துறை எழுதிய கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசை முன்னால் நின்றார். கடைசிவரை அந்தப் படிப்பு பதிவேட்டில் ஏறவே இல்லை. தொழில்நுட்பப் படிப்புகளுக்கு ஒப்புதல் தரும் அகில இந்திய அமைப்பான ஏஐசிடிஇயின் ஒப்புதல் இல்லாமல் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் கொடுத்த பொறியியல் பட்டங்கள் செல்லாது என்று 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இன்றும் அதே வியாபாரம் நடக்கிறது என்றால், கையில் வேலையும் மனதில் பயமும் உள்ளவர்களைத் தேடி வருகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

நகர்மன்றத் தீர்மானத்தை நம்பி இருக்க வேண்டாம். அந்தப் பதவிக்கு என்ன படிப்பு வேண்டும் என்பது மாநில அரசின் பணி விதியில் இருக்கிறது. தீர்மானம் அரசுக்குப் போகும் வேண்டுகோள், அவ்வளவுதான். விதி மாறிவிட்டது என்று கைப்பேசியில் ஏதாவது காகிதம் சுற்றினால் அதையும் நன்றாகப் பாருங்கள். தலைப்பில் ‘ந.க.எண்’ (நடப்புக் கோப்பு எண்) என்று இருந்தால் அது அலுவலகக் கடிதம். விதி மாறியதற்கு அடையாளம், அரசாணை எண்ணோடு அரசிதழில் வெளியான அறிவிக்கை. எந்த நாளிலிருந்து நடைமுறைக்கு வருகிறது என்ற வரியும் அதில் இருக்கும். முதலில் படிக்க வேண்டியது அந்த வரியைத்தான்.

நண்பர் சொல்வது பழைய சட்டம். காலியிடம் வந்த நாளில் இருந்த விதியே பொருந்தும் என்று 1983ல் ரங்கையா வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கிட்டத்தட்ட 40 வருடம் எல்லோரும் அதைத்தான் சொன்னோம். 2022 மே மாதம், இமாசலப் பிரதேச அரசு எதிர் ராஜ்குமார் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்துவிட்டது. இப்போது உங்களைப் பரிசீலிக்கும் நாளில் உள்ள விதிதான் கணக்கு. 2024 நவம்பரில் வந்த அரசியல் சாசன அமர்வின் தீர்ப்பையும் சிலர் காட்டுவார்கள். தேர்வு நடைமுறை தொடங்கிய பிறகு நடுவில் தகுதியை மாற்றக் கூடாது என்கிறது அது. உங்கள் விஷயத்தில் பதவி உயர்வுப் பட்டியல் போடும் வேலையே தொடங்கவில்லையே!

எனக்குக் கோபம் வருவது இங்கேதான். காலியிடம் வந்த வருடமே பட்டியல் போட்டிருந்தால் நீங்கள் பழைய விதியிலேயே பரிசீலனைக்கு வந்திருப்பீர்கள். கோப்பு மேசை மேசையாக உட்கார்ந்திருக்கும், நாற்காலியைக் கூடுதல் பொறுப்பில் ஓட்டுவார்கள். பிறகு ஒருநாள் விதி மாறிவிட்டது என்பார்கள். தாமதம் அவர்களுடையது, நஷ்டம் உங்களுடையது.

அதனால், திருத்தம் அரசிதழில் வருவதற்கு முன்னால், காலியிடம் வந்த வருடத்துக்கான பதவி உயர்வுப் பட்டியலைத் தயாரிக்கக் கோரி முறையான வழியில் இந்த வாரமே மனு கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். பட்டியலின் நிலை என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் தனியாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவுக்குப் பதில் இல்லையென்றால் உயர் நீதிமன்றம் போகலாம். பதவி உயர்வு உங்கள் உரிமை அல்ல, பரிசீலிக்கப்படுவது உரிமை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தியப் பொறியாளர் நிறுவனம் ஏ, பி என்று இரண்டு பிரிவாக நடத்தும் ஏஎம்ஐஇ தேர்வை நீங்கள் எப்போதாவது எழுதியதுண்டா? 2013 மே 31 வரை அதில் பதிவு செய்தவர்களுக்குப் பட்டத்துக்கு இணையான தகுதி என்ற ஏற்பு மத்திய அரசு வேலைகளில் உண்டு. முக்கியம் பதிவு செய்த நாள், தேர்ச்சி பெற்ற நாள் அல்ல. 2012ல் பதிவு செய்து, ஏ பிரிவு முடித்து, பி பிரிவை 2018ல் முடித்தவருக்கும் அந்த வாசல் மூடவில்லை. 2013 ஜூனில் பதிவு செய்தவருக்கு மூடிவிட்டது. பதிவுக் கடிதம் தொலைந்திருந்தால் அந்த நிறுவனத்துக்கு எழுதி, பதிவு நாளுக்குச் சான்று வாங்குங்கள். ஆனால் நகராட்சிப் பதவிக்கு இது செல்ல வேண்டுமானால் உங்கள் பணி விதியிலோ மாநில அரசாணையிலோ ஏஎம்ஐஇ பெயர் இருக்க வேண்டும். இருந்தால், சான்றின் நகலை மனுவோடு சேர்த்துக் கொடுங்கள்.

இதுவும் இல்லையா, ஏஐசிடிஇ ஒப்புதல் உள்ள கல்லூரியில் பகுதிநேர பி.இ. சேருங்கள். கோவை, சேலம், திருநெல்வேலி போன்ற ஊர்களில் டிப்ளமோ முடித்து வேலையில் இருப்பவர்களுக்கென்றே இப்படிப் படிப்பு உண்டு. மாலையில் வகுப்புக்குப் போக வேண்டும், கஷ்டம்தான். சேருவதற்கு முன் துறையிடம் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் படித்தால் பட்டத்தைப் பணிப்பதிவேட்டில் ஏற்றும்போது தகராறு வரும்.