சிறிய மடிக்கணினியில் பணிப்பட்டை பிடிக்கும் இடம்: கேள்வி-பதில்

கேள்வி: பயன்படுத்திய 11.6 அங்குல மடிக்கணினி ஒன்றை வாங்கி, அதில் லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய முகப்பு கொண்ட பதிப்பை நிறுவியிருக்கிறேன். வேகத்தில் குறையில்லை. ஆனால் கீழே பணிப்பட்டை, மேலே சாளரத்தின் தலைப்புப் பட்டை, அதற்கும் கீழே கருவிப்பட்டைகள் என்று எல்லாம் போக, எழுதுவதற்கு மிஞ்சும் இடம் மிகக் குறைவாக இருக்கிறது. பணிப்பட்டையைச் சிறிதாக்கினால் போதுமா, மறைத்துவிடலாமா? 15.6 அங்குல மடிக்கணினிக்கு மாறிவிடுங்கள் என்கிறார் கடைக்காரர்.

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். பணம் செலவழிக்கும் முன் அரை மணி நேரம் செலவழித்துப் பாருங்கள். கடைக்காரரின் யோசனையைப் பற்றி மூன்றாவது கேள்வியில் பேசுகிறேன்.

11.6 அங்குலத்தில் பரவலாக விற்றது 1366-க்கு 768 பிக்சல் திரைதான் என்பதால், உங்களுடையதும் அதுவே என்று எடுத்துக்கொள்கிறேன். பிக்சல் என்பது திரையை உருவாக்கும் நுண்புள்ளி; அகலவாக்கில் 1366, உயரவாக்கில் 768. இந்தத் திரையில் அகலம் தாராளம், உயரம்தான் பஞ்சம். நாம் படிப்பதும் எழுதுவதும் மேலிருந்து கீழாக நீள்பவை; அப்படியிருக்க, பணிப்பட்டையைத் திரையின் அடியில் குறுக்காகக் கிடத்துவது, இருப்பதிலேயே அரிதான பொருளிலிருந்து அதற்குப் பங்கு கொடுப்பதாகும். 30 பிக்சல் உயரமுள்ள பட்டையை இந்தத் திரையின் மேல் அளவுகோல் வைத்து அளந்தால் ஐந்தரை மில்லிமீட்டர் வரும். பார்வைக்கு அற்பமாகத் தெரியும் இந்த அளவு, தமிழில் எழுதுபவருக்கு ஏறத்தாழ ஒரு முழு வரி. நம் எழுத்துகளில் புள்ளியும் இகரக் கொக்கியும் மேலே ஏறுகின்றன, உகரக் குறிகள் கீழே இறங்குகின்றன. அதனால் ஆங்கில வரியைவிடத் தமிழ் வரிக்குக் கூடுதல் உயரம் வேண்டியிருக்கிறது. திரையில் பறிபோகும் ஒவ்வொரு பிக்சல் உயரமும் நமக்குச் சற்று அதிகமாகவே உறைக்கிறது.

ஆகவே, பட்டையைச் சிறிதாக்குவதைவிட இடம் மாற்றுவதே என் முதல் பரிந்துரை. அதைத் திரையின் இடது ஓரத்தில் செங்குத்தாக நிறுத்துங்கள். கணக்கும் இதற்குச் சாதகமாகவே இருக்கிறது. அடியில் 30 பிக்சல் உயரத்தில் கிடக்கும் பட்டை 40,980 பிக்சல்களைப் பிடிக்கிறது. இடப்புறம் 36 பிக்சல் அகலத்தில் நிற்கும் பட்டை பிடிப்பது 27,648 மட்டுமே. பட்டை தடிமனாகியும் பிடிக்கும் பரப்பு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது, 768 பிக்சல் உயரமும் முழுமையாக உங்கள் கைக்கு வருகிறது. இது புதிய யோசனையும் அன்று. உபுண்டு என்ற லினக்ஸ் வகையை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனம், 2010-இல் உபுண்டு 10.10-இன் நெட்புக் (சிறு மடிக்கணினி) பதிப்புக்காக யூனிட்டி முகப்பைக் கொண்டுவந்தபோது செயலிகளின் சின்னங்களை இடது ஓரத்தில் அடுக்கியது, சிறிய திரைகளின் இந்த உயரப் பஞ்சத்தைக் கருதித்தான்.

செய்முறைக்கு முன் ஒரு காப்பு நடவடிக்கை. எக்ஸ்எஃப்சிஇயில் பணிப்பட்டைக்குப் 'பேனல்' என்று பெயர். அமைப்புகளில் 'பேனல் புரொஃபைல்ஸ்' என்ற கருவி இருந்தால் அதைத் திறந்து, இப்போதுள்ள அமைப்பை ஒரு பெயரிட்டுச் சேமித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் மென்பொருள் மேலாளரிலிருந்து நிறுவிக்கொள்ளலாம். பட்டையை நகர்த்தும்போது ஏதேனும் குளறுபடியானால் ஒரே சொடுக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம். இதைச் செய்யாமல் தொடங்கி, இரண்டு மணி நேரம் சின்னங்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்த அனுபவம் எனக்கு உண்டு. அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம்.

பட்டையில் வெற்றிடம் பார்த்து வலது சொடுக்கினால் வரும் பட்டியலில் 'பேனல்' என்பதன்கீழ் 'பேனல் பிரிஃபரன்சஸ்' இருக்கும். அதைத் திறந்தால், 'மோட்' என்ற இடத்தில் ஹாரிஸான்டல், வெர்ட்டிகல், டெஸ்க்பார் என மூன்று தேர்வுகள் உண்டு. பலரும் பெயரைப் பார்த்து வெர்ட்டிகலைத் தேர்ந்தெடுத்து, கடிகாரமும் சாளரப் பெயர்களும் தொண்ணூறு பாகை சாய்ந்து நிற்பதைக் கண்டு கைவிட்டுவிடுகிறார்கள். நீங்கள் டெஸ்க்பாரைத் தேர்ந்தெடுங்கள்: பட்டை செங்குத்தாக நிற்கும், அதிலுள்ளவை நேராகவே இருக்கும். பிறகு 'லாக் பேனல்' குறியை நீக்கினால் பட்டையின் இரு முனைகளிலும் பிடிகள் தோன்றும்; ஒன்றைப் பிடித்து இழுத்து இடது ஓரத்தில் சேர்த்துவிட்டு, மீண்டும் பூட்டிவிடுங்கள். பட்டையின் தடிமனைக் குறிக்கும் 'ரோ சைஸ்' எண்ணை 36 வைத்துத் தொடங்கி, உங்கள் கண்ணுக்கும் விரலுக்கும் ஏற்றபடி கூட்டிக் குறையுங்கள். வலது ஓரத்தை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் உருள்பட்டை. சாளரம் திரையை நிறைத்திருக்கும்போது சுட்டியை வலது விளிம்புவரை தள்ளினாலே உருள்பட்டை கையில் சிக்கும். அங்கே பணிப்பட்டையை நிறுத்தினால் அந்த வசதி போய்விடும்.

செங்குத்துப் பட்டை குறுகலாக அமையாமல் அகன்று தெரிந்தால், அதிலுள்ள ஏதோ ஒன்று இடம் கேட்கிறது என்று பொருள். பெரும்பாலும் அது சாளரப் பொத்தான்களாக இருக்கும்; அவற்றின் அமைப்பில் 'ஷோ பட்டன் லேபிள்ஸ்' குறியை நீக்கினால் பெயர்கள் மறைந்து சின்னங்கள் மட்டும் நிற்கும். செயலிகளைத் திறக்கும் பட்டியல் (மெனு) பொத்தானிலும் எழுத்தை நீக்கிச் சின்னத்தை மட்டும் வையுங்கள். கடிகாரத்தில் தேதியை எடுத்துவிட்டு நேரத்தை மட்டும் காட்டச் செய்யலாம். தேதி தேவைப்படும்போது கடிகாரத்தைச் சொடுக்கினால் நாள்காட்டி திறக்கும். பயனர் பெயரைக் காட்டும் பொத்தானும் பணியிடங்களை (சாளரங்களைப் பிரித்து வைக்கும் தனித்தனித் திரைகளை) மாற்றும் சிறு கட்டங்களும் இருந்தால் நீக்கிவிடுங்கள். கணினியை நிறுத்தும் வசதி பட்டியலிலேயே இருக்கிறது. பணியிடம் மாற, கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு அம்புக்குறி விசையை அழுத்தினால் போதும்.

மறைப்பதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதே அமைப்பில் 'ஆட்டோமேட்டிக்கலி ஹைடு த பேனல்' என்பதற்கு நெவர், இன்டெலிஜென்ட்லி, ஆல்வேஸ் என மூன்று விடைகள் உள்ளன. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால், ஏதேனும் ஒரு சாளரம் பட்டையின் மேல் வந்து படும்போது மட்டும் அது மறைந்துகொள்ளும். மறைப்பதில் ஒரு தொல்லை உண்டு. அடியில் மறைந்திருக்கும் பட்டை, ஆவணத்தின் கடைசி வரிக்குக் கீழே எதையாவது சொடுக்கப் போகும்போதெல்லாம் எழுந்து வந்து கையை மறிக்கும். மேலே மறைத்து வைத்தால் உலாவியின் தாவல்களைத் தொடப்போகும்போது அதே கதைதான். தொடுபலகையைப் பயன்படுத்துபவருக்கு இது நாள் முழுதும் எரிச்சலூட்டும். இடது ஓரத்தில் நிற்கும் பட்டை உயரத்தில் எதையும் பிடிப்பதில்லை என்பதால், அதை மறைக்காமல் கண்ணெதிரே வைத்துக்கொள்வதே மேல் என்பது என் முடிவு. அடியிலேயே பட்டை வேண்டும் என்று பழகிவிட்டவர்கள் மட்டும் உயரத்தை 24 பிக்சலாகக் குறைத்து, 'இன்டெலிஜென்ட்லி' முறையை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது சாளரத்தின் தலைப்புப் பட்டை. அமைப்புகளில் 'விண்டோ மேனேஜர் ட்வீக்ஸ்' திறந்து, 'அக்சஸிபிலிட்டி' பகுதியில் 'ஹைடு டைட்டில் ஆஃப் விண்டோஸ் வென் மேக்சிமைஸ்டு' என்ற குறியை இடுங்கள். அதன்பின் திரையை நிறைக்கும் சாளரங்களுக்குத் தலைப்பு இராது. மூடும் பொத்தானும் அதோடு போய்விடும். மூடுவதற்கு ஆல்ட், எஃப்4. பழைய அளவுக்குச் சுருக்க ஆல்ட், எஃப்10. இந்த இரண்டையும் முதல் வாரம் ஒரு சீட்டில் எழுதி விசைப்பலகை அருகே வைத்துக்கொள்ளுங்கள். தலைப்பைத் தாமே வரைந்துகொள்ளும் சில செயலிகளுக்கு இந்த அமைப்பு பொருந்தாது.

பயர்பாக்ஸில் 136-ஆம் பதிப்பு முதல் தாவல்களை இடப்புறம் செங்குத்தாக அடுக்கும் வசதி வந்திருக்கிறது. அகலத்தைக் கொடுத்து உயரத்தை வாங்கும் அதே வழிதான் இது. லிப்ரே ஆபிஸில் கட்டுரை எழுதும்போது கன்ட்ரோல், ஷிப்ட், ஜே மூன்றையும் சேர்த்து அழுத்தினால் தாள் மட்டும் திரை முழுவதும் நிற்கும்.

கேள்வி: 10 அங்குல நெட்புக் ஒன்று வீட்டில் இருக்கிறது. திரை 1024-க்கு 600. இதிலும் எக்ஸ்எஃப்சிஇதான். சில அமைப்புப் பெட்டிகளைத் திறந்தால் 'சரி' என்ற பொத்தான் திரைக்குக் கீழே போய்விடுகிறது. பணிப்பட்டையை மறைத்தும் பயனில்லை. என்ன செய்வது?

பதில்: 600 பிக்சல் உயரத்தில் 30 பிக்சல் பட்டை என்பது இருபதில் ஒரு பங்கு. ஆகவே மேலே சொன்ன இடமாற்றத்தை நீங்கள் அவசியம் செய்ய வேண்டும். அதற்குப் பிறகும் சில பெட்டிகள் 600 பிக்சலுக்குள் அடங்காது. பெரிய திரையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அவை. அப்போது ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு, பெட்டியின் எந்த இடத்திலாவது சுட்டியை வைத்து, இடது பொத்தானை அழுத்தியபடி மேல்நோக்கி இழுங்கள். பெட்டியின் தலை திரைக்கு மேலே மறைந்து, அடியிலுள்ள பொத்தான் கண்ணுக்குத் தெரியும். ஆல்ட் வேலை செய்யவில்லையென்றால், முன்பு சொன்ன 'அக்சஸிபிலிட்டி' பகுதியிலேயே சாளரத்தைப் பிடித்து இழுக்கும் விசை எது என்று குறிப்பிட்டிருக்கும். அதைப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம்.

எழுத்தின் அளவையும் சற்றுக் குறைக்கலாம். 'அப்பியரன்ஸ்' அமைப்பின் 'ஃபான்ட்ஸ்' பகுதியில் எழுத்தின் அளவைத் தீர்மானிக்கும் 'டிபிஐ' (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி) என்ற எண் பொதுவாக 96 என்றிருக்கும்; அதை 88 ஆக்கினால் பட்டியல்களும் பெட்டிகளும் சேர்ந்து சுருங்கும். அதற்குக் கீழே போக வேண்டாம். மெய்யெழுத்தின் புள்ளி கண்ணுக்குத் தப்பத் தொடங்கினால் தமிழ் படிப்பது வேதனையாகிவிடும். இருக்கும் பிக்சல்களுக்கும் மேலாகத் திரையை விரித்துக் காட்டும் வழிகளும் உண்டு. அவை எழுத்தை மங்கச் செய்வதால் நான் பரிந்துரைப்பதில்லை.

கேள்வி: வேறு மடிக்கணினி வாங்குவது என்றே வைத்துக்கொண்டால், திரையில் கூடுதல் இடம் கிடைக்க எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: அங்குலத்தைப் பார்க்காதீர்கள், பிக்சலைப் பாருங்கள். பழைய மடிக்கணினி வாங்குபவர்கள் ஏமாறும் முதல் இடம் இதுவே என்பதால், முதல் கேள்வியில் வந்த கடைக்காரரின் யோசனையை இங்கே எடுத்துக்கொள்கிறேன். 15.6 அங்குல மடிக்கணினிகளில் ஏராளமானவை அதே 1366-க்கு 768 திரையோடு வந்தவை. அதை வாங்கினால் எழுத்து பெரிதாகத் தெரியும், கண்ணுக்கு இதம்தான். ஆனால் ஒரு வரிகூட அதிகமாகக் கிடைக்காது. 11.6 அங்குலத்தில் எத்தனை வரி தெரிந்ததோ அத்தனையே அதிலும் தெரியும். என் உறவினர் ஒருவர் இதை அறியாமல் பழையதைக் கொடுத்து, மேலே பணமும் கொடுத்து மாற்றிக்கொண்டு வந்தார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே ஆவணத்தைத் திறந்தபோதுதான், கடைசி வரி இரண்டிலும் ஒன்றாகவே இருப்பதைப் பார்த்தார்.

விளம்பரத்தில் 'எச்டி' என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1366-க்கு 768 என்று கொள்ளுங்கள். 'எச்டி பிளஸ்' என்றால் 1600-க்கு 900, 'ஃபுல் எச்டி' என்றால் 1920-க்கு 1080. ஃபுல் எச்டியில் உங்களுக்கு 312 பிக்சல் உயரம் கூடுதலாகக் கிடைக்கும். 1920-க்கு 1200 என்ற 16-க்கு 10 விகிதத் திரை கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் கூடுதல் உயரம் 432. உயரத்தின் அருமைக்குப் பழைய திங்க்பேட் வரிசையிலேயே ஒரு சான்று இருக்கிறது: 2010-இல் வந்த எக்ஸ்201 மாடலின் 12.1 அங்குலத் திரை 1280-க்கு 800. மறு ஆண்டு வந்த எக்ஸ்220-இன் திரை 12.5 அங்குலமாகப் பெரிதானாலும் 1366-க்கு 768. அங்குலம் கூடி, உயரத்தில் 32 பிக்சல் குறைந்தது. ஒரு முழுப் பணிப்பட்டையின் அளவு அது.

பிக்சல் கூடக்கூட, அதே அங்குலத்துக்குள் எழுத்து சிறிதாகும் என்பதையும் மனத்தில் வையுங்கள். 11.6 அங்குலத்தில் ஃபுல் எச்டி என்றால் எழுத்தைப் பெரிதாக்கியே தீர வேண்டும்; பெரிதாக்கினால் கிடைத்த இடத்தில் ஒரு பகுதி திரும்பப் போய்விடும். லினக்ஸில் எழுத்து வேலை செய்ய 14 அங்குல ஃபுல் எச்டி எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. டிபிஐ எண்ணை 110 அளவில் வைத்தால் தமிழ் தெளிவாகவும் இருக்கும், வரிகளும் கூடும்.

கடைக்குப் போகும்போது லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். நிறுவாமலே அதிலிருந்து கணினியைத் தொடங்கி, 'டிஸ்ப்ளே' அமைப்பில் ரெசல்யூஷன் என்ற இடத்தில் தெரியும் எண்ணைப் படியுங்கள். பென்டிரைவிலிருந்து தொடங்கக் கடைக்காரர் சம்மதிக்காவிட்டால், விண்டோஸ் முகப்பில் வலது சொடுக்கி 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' திறந்தாலும் அதே எண் தெரியும். பேசிய எண்ணும் திரையில் தெரியும் எண்ணும் ஒன்றாக இருந்தால் மட்டும் பணத்தைக் கொடுங்கள், பில்லிலும் அந்த எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.